சனிக்கிழமை ரயிலில் வந்த வக்கீல்

லண்டன் நகரில் ஒரு சொலிசிட்டர் ஆபீஸ். 1878-ம் ஆண்டில், 20 வயது நிரம்பும் சமயத்தில், பயிற்சிக் குமாஸ்தாவாக அதன் படியேறிய ஓர் இளைஞர், 1940-ல்தான் ஓய்வு பெற்று இறங்கினார். இடையில் அந்த ஆபீசின் கூட்டாளியாக உயர்ந்தார். வேறு உத்தியோகம் தேடவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. 62 வருஷம் ஒரே ஆபீஸ், ஒரே வேலை.

இந்த மனிதரைப் பற்றிப் பேப்பரில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். வாரம் முழுவதும் பத்திரங்களைப் புரட்டிய இவர், சனிக்கிழமை வந்தால் தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு வாட்டர்லூ ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ரயில் பயணம். அங்கே ஒரு சிறிய ஆற்றின் கரை. அந்தக் கரையில் கிடைத்த வார இறுதி நேரத்தில் அவர் கண்டுபிடித்த ஒரு விஷயம், உலகம் முழுவதும் டிரௌட் மீன் பிடிக்கும் முறையையே மாற்றியது. அவருடைய வயோதிக காலத்தில், அதே விஷயத்தால் அந்த ஆற்றையே அவர் இழக்க நேர்ந்தது.

அவர் பெயர் ஜார்ஜ் எட்வர்டு மெக்கன்ஸி ஸ்கியூஸ்.

பத்துப் பேரில் மூத்தவர்

ஸ்கியூஸ் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. 1858-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்து தீவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்து டாக்டர். பத்துக் குழந்தைகளில் இவரே மூத்தவர். மூன்று வயதில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வந்து சேர்ந்தார். மாற்றலாகும் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் எது என்று சொல்வது எங்கேயும் கஷ்டம்தான்.

1872-ல் உபகாரச் சம்பளம் பெற்று, தென் இங்கிலாந்தில் உள்ள வின்செஸ்டர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பழமையும் பெயரும் பெற்ற பள்ளிக்கூடம் அது. அந்த ஊர் வழியாக ஓடுகிறது இட்சன் நதி. ஊரில் ஹாமண்ட் என்பவர் வைத்திருந்த தூண்டில் சாமான் கடையும் இருந்தது. பையனுக்குப் படிப்பு ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டு லண்டனில் வேலைக்குப் போன பிறகும் இட்சன் நதி அவரை விடவில்லை. புத்தகம் வாங்கக் கையில் காசில்லாத அந்தக் காலத்தில், பிரிட்டிஷ் மியூசியம் வாசக சாலையில் உட்கார்ந்து மீன்பிடித்தல் பற்றிய பழைய நூல்களைத் தேடித்தேடிப் படித்தார்.

இங்கிலாந்தில் ஆற்றங்கரை என்பது பெரும்பாலும் தனியார் சொத்து. யார் வேண்டுமானாலும் போய்த் தூண்டில் போட முடியாது. கரைக்குச் சொந்தக்காரர் அனுமதிக்க வேண்டும். அல்லது பலர் சேர்ந்து குத்தகைக்கு எடுக்க வேண்டும். 1883-ல் ஆபீஸ் வழியாகப் பழக்கமான ஒரு கட்சிக்காரர், வின்செஸ்டருக்கு வடக்கே ஆபட்ஸ் பார்ட்டன் என்ற இடத்தில் தம் வசம் இருந்த ஆற்றுப் பகுதிக்கு இளம் ஸ்கியூஸை அழைத்தார். விருந்தாளியாகப் போனவர் பிற்பாடு குத்தகையில் பங்கு பெற்று 1938 வரை அதே கரையில் மீன் பிடித்தார்.

ஊற்று நீர் ஆறு

இட்சன் நதி நம் காவிரி, வைகையைப் போன்றது அல்ல. மழை வந்தால் கரை புரள்வதும் கோடையில் மணலாகக் கிடப்பதும் அங்கே இல்லை. அந்தப் பிரதேசம் முழுவதும் நிலத்துக்கு அடியில் சீமைச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையை அது பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு ஊற்றுக்கண்கள் வழியாக நிதானமாக வெளியே விடும். ஊற்றுக்கண்ணில் தண்ணீர் கோடையானாலும் குளிர்காலமானாலும் ஏறக்குறைய 10, 11 டிகிரி குளிர்ச்சியிலேயே இருக்கும். பாறையில் வடிகட்டி வருவதால் கண்ணாடி போன்ற தெளிவு. அடியில் பச்சைப் பாசியும் நீர்க்கொடிகளும் அசைந்தாடும். அவற்றுக்கு இடையே ஆயிரமாயிரம் பூச்சிகள் வாழும்.

காஷ்மீரில் கோக்கர்நாக் ஊற்றைப் பார்த்தவர்களுக்கு இந்த மாதிரித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தக் காஷ்மீரில் இன்று இருக்கும் பழுப்பு டிரௌட் மீனின் முன்னோர்கள், 1900-ம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்தவை. நம்மவர்கள் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் பார்த்திருக்கும் டிரௌட் வேறு ஜாதி. அது வட அமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட வானவில் டிரௌட். இட்சன் நதியில் இருப்பது பழுப்பு டிரௌட். இங்கிலாந்தின் சொந்தக் குடி. பொன்னும் பழுப்பும் கலந்த உடம்பில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். காட்டு மிருகத்துக்கு உள்ள சந்தேகம் முழுவதும் அதற்கு உண்டு. கரையில் நிழல் விழுந்தாலே ஓடி மறைந்துவிடும்.

இப்படிப்பட்ட தெளிந்த நீரில் மண்புழுவைக் கோத்துத் தக்கை கட்டிப் போடும் வேலை எடுபடாது. அந்தக் கரைகளில் அதற்கு அனுமதியும் கிடையாது. அங்கே உள்ள வழக்கம் பூச்சித் தூண்டில். இரை எதுவும் கிடையாது. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய முள்ளில் பட்டு நூலும் கோழி இறகும் மிருக ரோமமும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வார்கள். அதற்கு எடை என்பதே இல்லாததால் அதை வீசி எறிய முடியாது. கனமான பட்டுக் கயிற்றைக் கம்பால் சுழற்றி வீச, கயிறுதான் பூச்சியை இழுத்துக்கொண்டு போகும். 15, 20 கஜத்துக்கு அப்பால், மீனின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால், பஞ்சு விழுவது போல் அது விழ வேண்டும். தப்பாக விழுந்தால் அன்றைக்கு அந்த மீன் இல்லை.

மிதப்பதா, மூழ்குவதா?

டிரௌட் மீன் தின்னும் முக்கியமான பூச்சி, நம் ஊர் ஈசலைப் போல அற்பாயுள் கொண்டது. ஆனால் அந்த அற்பாயுள் சிறகு முளைத்த பிறகுதான். அதற்கு முன் மாதக்கணக்கில், சிலவற்றில் ஒரு வருஷத்துக்கு மேலும், தண்ணீருக்கு அடியில் பாசியிலும் மணலிலும் ஊர்ந்து திரியும். அந்தப் பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். காலம் வந்ததும் நீந்தி மேலே வந்து, நீர்மட்டத்தில் சட்டையை உரித்துப் போட்டுவிட்டு, சிறகை விரித்துச் சிறிது தூரம் தண்ணீரில் மிதந்து, பிறகு பறந்துபோகும். ஓரிரு நாளில் முட்டையிட்டு உயிரை விடும்.

அந்த நாளில் இந்தக் கலையின் பெரிய அதிகாரி ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு என்பவர். 1844-ல் பிறந்தவர், வியாபாரத்தில் பொருள் சேர்த்து நடுவயதிலேயே அதை விட்டு விலகி முழு நேரமும் ஆற்றங்கரையில் கழித்தவர். 1886-லும் 1889-லும் அவர் வெளியிட்ட புத்தகங்கள் வேதம் போல ஆகிவிட்டன. பொய்ப் பூச்சி மிதக்க வேண்டும். மேலே வந்து பூச்சி பிடிக்கும் மீனைக் கண்ணால் பார்த்து அதற்கு மட்டுமே வீச வேண்டும். நீரோட்டத்துக்கு எதிராக, மேல்நோக்கியே வீச வேண்டும். மூழ்கும் பூச்சிக்கு இந்த ஊற்று ஆறுகளில் இடமில்லை. இதுதான் சட்டம். ஹால்ஃபோர்டைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. பூச்சிகளை ஜாதி வாரியாகப் பிடித்து ஆராய்ந்து, நிறம் நிறமாகப் போலி செய்தவர் அவர். ஸ்கியூஸும் அவருடைய புத்தகத்தை வாங்கிப் படித்து, அந்த முறையிலேயே தேர்ச்சி பெற்றவர்தான். சங்கடம் எங்கே வந்தது என்றால், தாம் கண்டது முழுவதும் இதுதான் என்று ஹால்ஃபோர்டு கோடு கிழித்துவிட்டார். சிஷ்யர்கள் அந்தக் கோட்டைச் சுவராக எழுப்பிவிட்டார்கள்.

1892-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஆபட்ஸ் பார்ட்டனில் ஒரு புழுக்கமான நாள். மீன்கள் மேலே வருவது போல் நீர் வீங்கி அசைகிறது. ஆனால் மிதக்கும் பூச்சியை ஒன்றும் தொடவில்லை. ஸ்கியூஸின் பெட்டியில் இருந்த ஒரு பூச்சி சரியாகக் கட்டப்படாதது. மிதக்க வேண்டிய அது நனைந்து மூழ்கிவிட்டது. மூழ்கியதும் மீன் பிடித்துக்கொண்டது. மறுபடி போட்டார், மறுபடியும் மூழ்கியது, மறுபடியும் மீன். வேறொருவராக இருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பார், அல்லது சட்டத்துக்கு மாறாக மீன் பிடித்தோமே என்று வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருந்திருப்பார். ஸ்கியூஸ் வக்கீல். சாட்சி சொன்னதைப் பதிவு செய்துகொண்டார்.

நல்லிக் கரண்டியும் குழந்தைத் தட்டும்

அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் நமக்கு மிகவும் ரசமாகப் படுகிறது. நல்லி எலும்பிலிருந்து மஜ்ஜையை நோண்டி எடுக்க வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டு மேஜையில் ஒடுக்கமான, நீண்ட கரண்டி ஒன்று வைத்திருப்பார்கள். அந்தக் கரண்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போவார். பிடித்த மீனின் தொண்டை வழியாக அதை விட்டு இரைப்பையில் இருப்பதை எடுப்பார். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும் வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுக் கலக்குவார். கட்டியாக இருந்தது பிரிந்து, மீன் தின்றது என்ன என்பது தனித்தனியாகத் தெரியும். சில வேளை அவற்றில் உயிரோடு நீந்துபவையும் இருக்கும்.

மீன் மேலே வந்து பூச்சி பிடிப்பதாக எல்லோரும் நினைத்த சமயங்களிலும் அந்தத் தட்டில் சிறகுள்ள பூச்சி அதிகம் இல்லை. பெரும்பாலும் நிம்ஃப்தான். அதாவது, நீர்மட்டத்தை உடைத்துக்கொண்டு தெரிந்த அசைவு, மேலே மிதப்பதைத் தின்பதால் வந்ததல்ல. சட்டையுரிக்க மேலே வரும் இளம் பூச்சியை, நீர்மட்டத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே மீன் பிடிப்பதால் வந்தது. ஹால்ஃபோர்டின் மிதக்கும் பூச்சி எவ்வளவு அழகாக மிதந்தாலும் அப்போது மீனுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் இரவு விளக்கடியில் உட்கார்ந்து, தட்டில் கண்டதைப் பார்த்து, உடம்பு பருத்து, கால்கள் குட்டையாக, இறக்கையில்லாமல் போலிகள் கட்டத் தொடங்கினார். இத்தனைக்கும் அவருக்குக் கண்பார்வை நல்ல நிலையில் இருந்ததில்லை. அவர் கையாண்ட முறையில் கண்ணுக்கு வேலை இன்னும் அதிகம். மிதக்கும் பூச்சியாவது தெரியும், மூழ்கியது தெரியாது. மீனின் பக்கவாட்டு அசைவு, வாய் திறக்கும்போது மின்னும் வெண்மை, கயிற்றின் நுனி இம்மியளவு உள்ளே போவது, இவற்றை வைத்தே மீன் பிடித்துவிட்டது என்று அறிந்து கம்பைத் தூக்க வேண்டும். கண்ட இடத்தில் போட்டு இழுக்கும் வேலை இது இல்லை. குறிப்பிட்ட ஒரு மீனைப் பார்த்து, மேல்நோக்கி வீசும் விதியை அவரும் விடவில்லை.

கம்பு விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அமெரிக்காவில் லெனார்டு கம்பெனி மூங்கிலைச் சீவி ஒட்டிச் செய்த, 9 அடி நீளமுள்ள லேசான கம்பு அது. உலகத்திலேயே சிறந்த கம்பு என்று அதற்குப் பெயர் சூட்டி, அந்த ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துக்களால் டபிள்யூ.பி.ஆர். என்றே அழைத்து வந்தார்.

கண்டதையெல்லாம் பத்திரிகைகளில் எழுதினார். வால் கான்சன் என்றும், சீஃபோர்த் அண்டு ஸோஃபோர்த் என்றும், இன்னும் பல வேடிக்கையான புனைபெயர்களில் எழுதினார். 1910-ல் அவருடைய முதல் புத்தகம் வந்தது. ஊற்று ஆற்றில் சிறு தந்திரங்கள் என்று பொருள்படும் மைனர் டாக்டிக்ஸ் ஆஃப் தி சாக் ஸ்ட்ரீம். தலைப்பிலேயே பணிவு தெரிகிறது. மிதக்கும் பூச்சி பெரிய முறை, இது அதற்குத் துணையான சிறு முறை என்றுதான் சொல்லியிருந்தார். அதற்கே எதிர்ப்புக் கிளம்பியது. லண்டன் ஃபிளைஃபிஷர்ஸ் கிளப்பில் ஹால்ஃபோர்டு அவரை எதிர்கொண்டு, இட்சன் நதியில் நீர் எழுதியபடி மீன் பிடிக்க முடியாது என்று கூறியதாகவும், நான் பிடித்திருக்கிறேனே என்று ஸ்கியூஸ் பதில் சொன்னதாகவும் ஒரு கதை மீன்பிடிப்போர் மத்தியில் இன்றும் வழங்குகிறது.

1914-ல் ஹால்ஃபோர்டு காலமானார். 1921-ல் ஸ்கியூஸின் இரண்டாவது பெரிய நூல், தி வே ஆஃப் எ டிரௌட் வித் எ ஃபிளை, வெளிவந்தது. மீனின் கண் நீருக்கு அடியிலிருந்து மேலே எப்படிப் பார்க்கிறது, நிறத்தை எப்படி உணர்கிறது, எதை ஏன் தின்கிறது என்றெல்லாம் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வது போல் அதில் ஆராய்ந்திருக்கிறார். கடல் கடந்து அமெரிக்காவிலும் அவருக்கு வாசகர்கள் ஏற்பட்டார்கள்.

எண்பதாவது வயதில்

வெளியூரில் பெயர் பரவியதே தவிர, உள்ளூரில் காற்று வேறு விதமாக அடித்தது. ஆபட்ஸ் பார்ட்டன் குத்தகையில் பங்காளிகள் மாறிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்களில் சிலர் ஹால்ஃபோர்டின் சட்டத்தை ஹால்ஃபோர்டைவிடக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டவர்கள். நிம்ஃப் முறை முறையல்ல. அது சிறு மீன்களைக் கெடுக்கிறது, மற்றவர்களின் விளையாட்டைப் பாழாக்குகிறது என்று குறை கூறினார்கள். சுமார் 50 வருஷம் அந்தக் கரையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த மனிதரிடம், அவர் கண்டுபிடித்த முறையை அங்கே கையாளாமல் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

1938 பிப்ரவரியில் ஃபிளைஃபிஷர்ஸ் கிளப்பில் இது பகிரங்க விவாதத்துக்கே வந்தது. ஊற்று ஆறுகளில் நிம்ஃப் பயன்படுத்துவது நியாயமா என்பது கேள்வி. ஸ்கியூஸுக்கு அப்போது வயது 79. தம் கட்சியைத் தாமே எடுத்துப் பேசினார். மீன் தானாகத் தின்னும் உணவின் போலியைத்தான் காட்டுகிறேன். மீனைப் பார்த்துத்தான் வீசுகிறேன். இது மிதக்கும் பூச்சியைவிடக் கடினமானதே தவிர எளிதானதல்ல என்பது அவர் வாதம். கூட்டத்தின் போக்கு அவருக்கு அனுகூலமாக இல்லை. கல்லில் எழுதிய விதியை மாற்றச் சொன்னால் கனவான்களுக்கும் கோபம் வரும் போலும்.

ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. பிறர் மிதக்கும் பூச்சி போடுவதை அவர் ஒரு நாளும் தடுக்கவில்லை. தாமும் தேவையான வேளையில் அதைப் போட்டு வந்தார். தம் தட்டில் கண்டதைக் காணவில்லை என்று சொல்ல மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அந்த 1938-ம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் ஆபட்ஸ் பார்ட்டனை விட்டு வெளியேறினார். 1883-ல் விருந்தாளியாக வந்த கரை, 55 வருஷம். அடுத்த ஆண்டே நிம்ஃப் முறை பற்றிய அவருடைய முழு நூல் பிரசுரமாயிற்று.

1940-ல் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும் லண்டனை விட்டு, வில்ட்ஷயரில் நாடர் நதிக் கரையில் இருந்த ஒரு ஹோட்டலில் போய்த் தங்கினார். யுத்த காலம். எட்டு வருஷம் அங்கேயே அறை எடுத்து வாழ்ந்தார். நாடரிலும் டிரௌட் உண்டு. கையில் தெம்பு இருந்தவரை பிடித்தார். தெம்பு குறைந்ததும் எழுதினார். ஊர் ஊராகக் கடிதம் போய்க்கொண்டிருந்தது. அப்படிக் கடிதம் பெற்றவர்களில் ஒருவர் ஃபிராங்க் சாயர். ஏவன் நதியில் கரைக் காவல் பார்த்து, பாசி வெட்டி, ஆற்றைப் பராமரித்து வந்த தொழிலாளி. அவரும் நிம்ஃப்களைக் கூர்ந்து பார்ப்பவர். கிழவர் அவரை ஊக்கப்படுத்தி எழுத வைத்தார். செம்புக் கம்பியும் ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் கொண்டு சாயர் கட்டிய நிம்ஃப், பிற்பாடு உலகத்தில் டிரௌட் உள்ள இடமெல்லாம் போய்ச் சேர்ந்தது. 1958-ல் வந்த சாயரின் புத்தகத்தைப் பார்க்க ஸ்கியூஸ் இல்லை.

1949-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி, 91 வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது அவர் காலமானார். உடல் தகனம் செய்யப்பட்டது. அஸ்தியை ஆபட்ஸ் பார்ட்டனுக்குக் கொண்டுபோய் இட்சன் நதியில் சேர்த்தார்கள். அந்தக் கரையில் அவர் நினைவாகக் கல்லால் ஓர் ஆசனம் அமைத்திருக்கிறார்கள். அதில் அவர் பெயரும், 1883, 1938 என்ற இரு வருஷங்களும் வெட்டப்பட்டிருக்கின்றன.